காந்தம் எதற்கு? சட்டம் அடியுங்கள்!



போர்க்கள விளையாட்டை அறியாதோருக்கு முதலில் ஒரு சொல். மேசைமேல் மலை, ஆறு, சாலை, வயல் ஆகியவற்றை அமைத்து, விரல் உயரப் படைவீரர் உருவங்களை நிறுத்தி, அளவுகோலால் அளந்து நகர்த்தி ஆடுவது அது. 1812-இல் பிரசிய நாட்டு ரைஸ்விட்ஸ் என்பார் தம் மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியத்துக்கு இத்தகைய மேசை ஒன்றைச் செய்தளித்தார். அதில் நிலம் சதுரத் துண்டுகளாக இருந்தது. வேண்டியவாறு மாற்றி அடுக்கலாம். அவருடைய மகன் 1824-இல் துண்டுகளைக் கைவிட்டு 1:8000 அளவு நிலப்படத்துக்கு மாறினார். நாம் இன்னும் துண்டுகளை விடவில்லை. ஒரே ஆறு இன்று கிழக்கே ஓடும்; அடுத்த வாரம் தெற்கே வளையும். நிலப்படத்தில் அந்த இன்பம் ஏது?

ஆனால், துண்டுகள் நகரும். நகராதிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், பழகியவர் பலரும் “விளிம்பில் காந்தம் பதியுங்கள்” என்கின்றனர். இது தவறான விடை. சிறுவர் ஆடும் மேசையில் தீங்கான விடையுங்கூட.

துண்டு ஏன் நகர்கிறது? 60 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. கனமும் உள்ள பாலிஸ்டிரீன் நுரைப்பலகை ஏறத்தாழ அரைக் கிலோதான் இருக்கும். எடை குறைந்தால் உராய்வும் குறையும். கீழே மெருகிட்ட வழவழப்பான மேசை. நடுவிலுள்ள குதிரைப்படையை எட்டிப் பிடிக்க ஒருவர் சாய்ந்தால் போதும், அவர் முழங்கை ஊன்றிய துண்டு விலகிவிடும். ஒரு செ.மீ. விலகல்தானே என்பீர்கள். சுடும் எல்லையை அளந்து வெற்றி தோல்வி முடிவு செய்யும் ஆட்டத்தில் அந்த ஒரு செ.மீ. ஒரு படைப்பிரிவின் உயிர்! “ஐயா, என் ஆள் நகரவில்லை, நிலம்தான் நகர்ந்தது” என்று பத்து அகவைச் சிறுவன் கண்கலங்கி நின்றால் நடுவராகிய நான் என்ன தீர்ப்புச் சொல்வது?

காந்தம் இதைத் தீர்க்குமா? காந்தம் துண்டைத் துண்டோடு பிணைக்கிறது, மேசையோடு பிணைக்கவில்லை. முன்பு ஒரு துண்டு நகர்ந்தது. இப்போது ஆறும் சேர்ந்து நகர்கின்றன. அவ்வளவுதான் வேறுபாடு. ஒவ்வொரு விளிம்பிலும் இடப்பக்கம் வடமுனை, வலப்பக்கம் தென்முனை வெளிநோக்க, நடுவிலிருந்து ஒரே தொலைவில் பதித்தால் எப்படித் திருப்பினாலும் ஒட்டும் என்பது உண்மையே. ஆனால், ஒன்று மாறிப் பதிந்தாலும் அவ்விடத்தில் துண்டு துண்டைத் தள்ளும். மேலும், நியோடிமியம் காந்தத்தின் இழுப்பு நுரையின் உறுதியைவிட வலியது. பசை விடாவிட்டாலும் நுரை பிய்ந்து காந்தம் வெளியே வந்துவிடும்.

நானும் பதித்தவன்தான். ஆறு துண்டுகளுக்கு 48 காந்தங்கள். ஒரு சனிக்கிழமை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆடிவிட்டுப் போனபின் எண்ணினேன்: 47. சட்டைப்பொத்தான் அளவுகூட இல்லாத உருண்டை வில்லை அது. வந்தவர்களில் ஒருவன் தன் நான்கு அகவைத் தங்கையையும் அழைத்து வந்திருந்தான். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளுக்கு இருபுறமும் நின்று ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். எனக்கு எண்ணிக்கையில் குறைந்தது ஒன்றுதான். ஆனால் உருவங்களின் அடியில் ஒட்டியிருந்த சிறு காந்தங்களை நான் எண்ணி வைத்திருக்கவில்லையே! இரவு ஒன்பது மணிக்கு ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் அழைத்தேன். கடைசியில் அது மேசைக்காலின் திருகாணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாளே அத்தனையையும் பிடுங்கி எறிந்தேன்.

இப்போது என் மேசையின் நான்கு பக்கமும் 3 செ.மீ. உயர மரச்சட்டம். துண்டின் உயரத்தைவிடக் குறைவாதலால் கையை உறுத்தாது. துண்டுகளின் அடியில் 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை ஒட்டியுள்ளேன், எடை இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. அதற்கும் கீழே, இழுப்பறையில் விரிக்கும் வழுக்காத வலை விரிப்பு. இதில் ஓர் எச்சரிக்கை: அவ்விரிப்பு பெரும்பாலும் பி.வி.சி.யால் ஆனது. நுரையை நேரடியாக அதன்மேல் நெடுநாள் வைத்தால், பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்த்த பொருள் கசிந்து நுரையை இளக்கிவிடும். அடிப்பலகை இதனையும் தடுக்கிறது. சட்டத்தைத் துண்டுகளின் அளவுக்கு இறுக்கமாக அடித்துவிடாதீர்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் பலகை உப்பும். ஒரு பக்கம் அரை விரல் இடைவெளி விட்டு, இரண்டு மர ஆப்புகளைச் செருகினால் போதும்.

சட்டம் அழகைக் கெடுக்கிறது என்கிறார் நண்பர் ஒருவர். பச்சை வண்ணம் பூசிக்கொள்ளட்டும்! துண்டுகளைப் பல இடங்களுக்குக் கொண்டு செல்வோர் என்ன செய்வது என்று கேட்கிறார் இன்னொருவர். கேட்க வேண்டிய கேள்விதான். அவர்கள் நான்கு சட்டங்களையும் மூலையில் திருகாணியால் பூட்டும்படி செய்துகொள்ளலாம். கழற்றினால் ஒரு கட்டாகக் கையில் அடங்கும். நான் அப்படித்தான் சென்ற பள்ளி விடுமுறையில் தம்பி வீட்டுக்கு எடுத்துச் சென்றேன்.