பிள்ளை பெற்ற உடம்பு

தாய்மை பற்றி நமது சஞ்சிகைகளில் வந்த கவிதைகளைத் திரட்டினால் கனமான தொகுதியொன்றே போடலாம். பெரும்பாலானவற்றில் உம்மா ஓரிரவு துடிப்பாள், விடியும்போது குழந்தை அழும், நோவு மறந்து அவள் சிரிப்பாள். கவிஞர் அத்துடன் பேனையை மூடிவிடுவார். என் சண்டை அந்த மூடிய பேனையோடுதான்.

என் மூன்றாவது மகனுக்கு நாலு வயதாகிறது. அவனைப் பெற்ற நோவு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இடுப்பெலும்புகள் முன்பக்கம் வந்து பொருந்தும் இடத்தில் அது இருக்கிறது. படியேறினால், கட்டிலில் புரண்டால், ஒரு காலில் நின்று உடுப்பு மாற்றினால் சுரீரென்று இழுக்கும். கடந்த றமழானில் தராவீஹைக் கதிரையில் இருந்து தொழுதேன். பக்கத்தில் எழுபது வயது மாமி ஒருவர் குறையில்லாமல் ஸுஜூது செய்தார். ஸலாம் கொடுத்ததும், "என்ன புள்ள, இந்த வயசுல கதிரையா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். "புள்ள பெத்த உடம்பு அப்படித்தான்." ராத்தாவும் இதையேதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளையின் நிறையைக் கேட்டுவிட்டு, அதே வாக்கியத்தைச் சற்றுத் திருத்தமான தமிழில் சொன்னார்.

இதை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். தையல் போட்ட இடத்து நோவால் கணவனை அண்ட விடாத ஒருத்தியின் கதை. ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில், "கதை நல்லது தங்கச்சி, ஆனா இது வீடுகளில் வாசிக்கிற சஞ்சிகை" என்றார். வீடுகளில்தானே நானா அந்த நோவும் இருக்கிறது! அவருடைய அதே இதழில், குண்டுவெடிப்பில் சிதறிய உடலொன்றை அங்கம் அங்கமாக வர்ணித்த கதை வந்திருந்தது. அதற்கு யாருக்கும் கூச்சம் வரவில்லை.

மார்க்கத்தின் பேரால் கூச்சப்படுவோருக்கு ஒன்று சொல்வேன். மர்யம் அலைஹிஸ்ஸலாம் பேரீச்ச மரத்தடியில் பட்ட வேதனையையும், அப்போது அவர் மரணத்தை விரும்பியதையும் குர்ஆன் மறைக்கவில்லை. பிரசவத்தில் மௌத்தானவளுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்று மிம்பரில் சொல்கிறோம். மௌத்தாகாமல் நோவோடு எழுந்து வந்தவள் 40ஆம் நாள் தலை முழுகியதும் அடுப்படிக்குப் போகவேண்டும். நிபாஸுக்கே நமது மத்ஹபில் 60 நாள் வரை இடமிருக்கிறது.

இது என் ஒருத்தியின் புலம்பலல்ல. பிரசவத்தால் நீடிக்கும் உடல் உபாதைகள் ஆண்டுதோறும் குறைந்தது 4 கோடிப் பெண்களுக்கு ஏற்படுகின்றன என்று 2023இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் மதிப்பிட்டது. பிரசவித்தவர்களில் 35 வீதத்தினருக்கு உடலுறவில் நோவு, 32 வீதத்தினருக்கு இடுப்பு நோவு. தாய் மரணத்தைக் குறைத்ததில் நமது நாட்டுக்குப் பெருமை உண்டு, நியாயமான பெருமைதான். குடும்பநல மாதும் வீட்டுக்கு வருகிறார், தையலைப் பார்க்கிறார், தொப்புளைப் பார்க்கிறார். ஆறு வாரம் கழிந்தால் கிளினிக் கார்ட் பிள்ளையினுடையதாகிவிடும். பிறகு தராசில் ஏறுவது பிள்ளை மட்டுமே. தூக்கிக்கொண்டு வந்தவள் எப்படி நடக்கிறாள் என்று பார்க்க ஒருவருமில்லை.

றமழானுக்குப் பிறகு நானாகத் தேடிப் போய் பிசியோதெரபி செய்யும் பெண்மணி ஒருவரைக் கண்டேன். கர்ப்பத்தில் இளகும் மூட்டுகள் சிலருக்குச் சரியாக இறுகாமல் போகுமாம், சுற்றியுள்ள தசைகளைப் பலப்படுத்தினால் நோவு குறையுமாம். தினமும் பாயில் படுத்துச் செய்யப் பயிற்சிகள் தந்தார். இதைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் நாலு வருடம் அப்படித்தான், அப்படித்தான் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது ஸுஜூது செய்கிறேன். அத்தஹிய்யாத்து இருப்பில் இன்னும் நோகிறது. அந்தக் கதையைத் திரும்ப எழுதியிருக்கிறேன், தையலை நீக்காமலே. முதற் பிரதி நானாவுக்குத்தான் போகிறது.