வேனிலும் விடுப்பும்

தமிழ்ப் பொருளிலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, சித்திரை, வைகாசியை இளவேனில் என்றும் ஆனி, ஆடியை முதுவேனில் என்றும் பெயரிட்டு, வேனிலைப் பாலைத் திணைக்குரிய காலமாக்கியது. அத்திணையின் உரிப்பொருள், அதாவது பாடலின் உயிராக நிற்கும் ஒழுக்கம், பிரிவு. பொருள்வயிற் பிரிவு எனப்படும் துறையில், பொருள் ஈட்டப் புறப்படும் தலைவன் வெயில் காயும் காட்டுவழியில் நடக்க, தலைவி வீட்டில் நாள் எண்ணிக் காத்திருப்பாள். கடல் கடந்து செல்வோர் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்ற கருத்தும் தொல்காப்பியத்தில் உண்டு. இவ்விரண்டு மரபுகளையும் ஒருசேர மீறிய தமிழ்க் குடும்பங்கள் இன்று ஒஸ்லோவிலும் ஸ்டாக்ஹோமிலும் கோபன்ஹேகனிலும் குடியிருக்கின்றன. அவர்கள் கடல் கடந்ததும் பொருள் தேடித்தான், ஆயினும் மனைவி மக்களோடு கடந்தார்கள். அவர்கள் வாழும் மண்ணில் வேனில் என்பது ஊரும் உறவும் கூடுவதற்கான காலம்.

இக்குடும்பங்களின் செய்தி திருப்பெரும்புதூரை அடுத்த மண்ணூர் என்னும் ஊருக்குத் தொலைவானதன்று. அவர்கள் வாழும் ஸ்காண்டிநேவியா என்பது நார்வே, ஸ்வீடன், டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளைக் குறிக்கும் பெயர். பின்லாந்தைச் சேர்த்துச் சொல்வதானால் நார்டிக் நாடுகள் என்பதே சரி. ஆனால் பெயர் வேறுபாட்டைப் பார்க்காமல் இவ்வட்டாரத்துக்கு வடஐரோப்பாவை முதலில் அறிமுகப்படுத்தியது, 2006 முதல் 2014 வரை திருப்பெரும்புதூரில் கைப்பேசி செய்த பின்லாந்தின் நோக்கியா ஆலைதான். டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனம் அருகிலுள்ள ஒரகடத்தில் வளாகம் அமைத்திருக்கிறது. பன்னாட்டு ஆலைகள் வரிசையாக நிற்கும் இத்தகைய வட்டாரத்தில் ‘ஆன்சைட்’ என்ற சொல்லுக்குப் பொருள் விளக்கம் தேவைப்படுவதில்லை. கம்பெனியே விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்து வெளிநாட்டு அலுவலகத்துக்கோ ஆலைக்கோ அனுப்பிவைக்கும் பணிக்காலம் அது.

அப்படி அனுப்பப்படும் குடும்பம் அங்கே முதலில் கற்பது பருவம் என்பதற்கு ஸ்வீடன் தரும் வரையறையை. அந்நாட்டு வானிலை நிறுவனம் வசந்தத்தையும் கோடையையும் நாட்காட்டியைக் கொண்டு அறிவிப்பதில்லை: அன்றாடச் சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஏழு நாள் சுழியத்துக்கு மேல் நின்றால் வசந்தம் வந்துவிட்டது என்றும், தொடர்ந்து ஐந்து நாள் 10 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருந்தால் கோடை வந்துவிட்டது என்றும் அது கணக்கிடுகிறது. ஆகவே ஒரே நாட்டின் தென்முனையில் பிப்ரவரி இறுதியிலேயே வந்துவிடும் வசந்தம், வடமுனையை எட்டுவதற்குள் மே பிறந்துவிடும். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கமோ வெப்பமானியைத் தொடுவதேயில்லை. கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டிச் சூரியன் செல்லும் நாட்களை, ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை, அக்னி நட்சத்திரம் என்று முன்கூட்டியே அச்சிட்டுவிடுகிறது. ஸ்வீடனின் அளவுகோலை மண்ணூருக்கு வைத்துப் பார்த்தால், கோலமாவும் பனித்தொப்பியுமாக விடியும் மார்கழிகூடக் கோடையாகத்தான் தேறும். சென்னை வட்டாரத்தில் ஜனவரியின் சராசரியே 25 டிகிரியை ஒட்டியது.

வெப்பத்தைவிடப் பெரிய மாற்றம் பகலின் நீளத்தில் நிகழ்கிறது. ஏறத்தாழ 13 பாகை வடக்கில் அமைந்த மண்ணூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரந்தான். 59 பாகை தாண்டிய ஸ்டாக்ஹோமிலோ டிசம்பரில் ஆறு மணி நேரமே நிற்கும் பகல் ஜூனில் பதினெட்டரை மணி நேரமாகிவிடுகிறது. விடியற்காலை மூன்றரைக்கு எழும் சூரியன் இரவு பத்து மணிக்குப் பிறகே மறைவதால், மாலை விளக்கை எப்போது ஏற்றுவது என்பது பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த பாட்டிமார்களுக்கு உண்மையான சிக்கலாகிவிடுகிறது. இராகு காலம் இன்னும் சுவையானது. சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடைப்பட்ட பொழுதை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை இராகுவுக்கு ஒதுக்குவது முறை என்பதால், ஊரில் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இராகு காலம் ஸ்டாக்ஹோமின் ஜூனில் இரண்டே கால் மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. டிசம்பரில் முக்கால் மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. மே 20 வாக்கில் எழுந்த சூரியன் ஜூலை 22 வாக்கில்தான் அடிவானத்துக்குக் கீழே இறங்கும் நார்வேயின் துரோம்ஸோ நகரில் இக்கணக்கைப் போடவே வழியில்லை. பிள்ளைகளின் வாதமும் இதே இலக்கணத்தைப் பின்பற்றுவதுதான்: சூரியன் தூங்கவில்லை, நாங்கள் ஏன் தூங்க வேண்டும் என்று கேட்பார்கள், சன்னலுக்குக் கன்னங்கரிய திரை வாங்குவதைத் தவிரப் பெற்றோரிடம் விடை கிடையாது.

அக்குடும்பங்களின் வசந்தம் எத்தகையது என்பதைக் கறிவேப்பிலைச் செடி ஒன்றைக் கொண்டே எழுதிவிடலாம். அக்டோபரில் வீட்டுக்குள் வந்து, சூடேற்றியின் வறண்ட காற்றில் இலையுதிர்த்து, குச்சியாய் நிற்கும் அத்தொட்டிச் செடி, மார்ச்சில் வெயில் கண்ணாடி வழியே உள்ளே விழத் தொடங்கியதும் கணுவில் ஒரு பச்சைப் புள்ளி வைக்கும். ஏப்ரல் 30, வால்போர்க் நாளன்று, ஸ்வீடன் மக்கள் சொக்கப்பனை போன்ற பெருந்தீ மூட்டி வசந்தத்தை வரவேற்கும்போதும், 1814இல் அரசமைப்பு கையெழுத்தான நாளென்று மே 17இல் நார்வேயின் பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு ஊர்வலம் போகும்போதும் அச்செடியை வெளியே வைக்க அவசரப்படக்கூடாது; ஜூன் தொடக்கத்தில்கூட உறைபனி இறங்கி இளந்தளிரைக் கருக்கிவிடும் இரவுகள் உண்டு, அவற்றை ஸ்வீடிய உழவர் ‘இரும்பு இரவுகள்’ என்றே பெயரிட்டு அழைப்பர். இரும்பு இரவுகள் கழிந்த பிறகே தொட்டி பால்கனிக்கு நகரும். அதன்பின் ஓயாத பகலொளியில் அது தழைக்கும் வேகம் ஊர்ச் செடிக்கும் வராது. நகராட்சியோ சங்கமோ குத்தகைக்குத் தரும் சிறு தோட்டத் துண்டு கிடைத்தவர்கள் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் முள்ளங்கியும் விதைத்துவிடுவார்கள். முருங்கைக்கு மட்டும் அம்மண்ணில் வழியில்லை.

ஜூன் 19க்கும் 25க்கும் இடைப்பட்ட வெள்ளிக்கிழமையில் ஸ்வீடனில் நடுவேனில் விழா வருகிறது. இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நட்டு அதைச் சுற்றி ஆடுவதும், ஊறவைத்த மத்தி இன மீனோடு புது உருளைக்கிழங்கும் ஸ்ட்ராபெர்ரியும் உண்பதும் அதன் முறை. சைவ வீட்டார்க்கு உருளைக்கிழங்கும் பழமும் போதுமானவை. ஜூலையில் படர்ந்து கிடக்கும் அவுரிநெல்லிப் பழங்களைப் பறிக்க வாளியோடு காட்டுக்குள் போகும் குடும்பம், இது யாருடைய காடு என்று முதல் ஆண்டில் தயங்கும். தயங்க வேண்டியதில்லை. அல்லெமான்ஸ்ரெட், அதாவது அனைவருக்குமான உரிமை என்னும் பழமரபின்படி, பிறர் நிலத்திலும் வீட்டு முற்றத்தையும் விளைநிலத்தையும் விலக்கி எவரும் நடக்கலாம், காட்டுப்பழமும் காளானும் பறிக்கலாம், ஓரிரவு கூடாரம் அடிக்கலாம். இதனை 1994இல் ஸ்வீடன் தன் அரசமைப்பிலேயே சேர்த்துக்கொண்டது, நார்வே 1957இலேயே தனிச்சட்டமாக்கியது. மேய்க்கால் புறம்போக்கும் தோப்புப் புறம்போக்கும் ஏரி உள்வாயுமாக, நுங்கு வெட்டவும் ஆடு ஓட்டவும் எவரிடமும் கேட்க வேண்டாத வெளிகள் இவ்வட்டாரத்துக் கிராமங்களிலும் இருந்தன. அவற்றுள் எத்தனை இன்று மதில்சுவருக்கு உட்பட்டுவிட்டன என்பதை நெடுஞ்சாலையில் பேருந்தில் போகிறவர்களே பார்க்கலாம்.

இவ்வளவும் வானம் அளித்த கொடை என்று எண்ணுவது பாதி உண்மைதான். வெயில் அருமையாக உள்ள நாட்டில் வெயிலைக் கொண்டாடுகிறார்கள் என்ற எளிய விளக்கம் பெரும்பாலோர்க்குப் போதுமானதாக இருந்தாலும், கொண்டாட நேரம் எங்கிருந்து வந்தது என்ற வினா அதில் விடுபட்டுப் போகிறது. ஸ்வீடனின் கோடையைச் செய்தது சட்டம். 1938இல் ஊதியத்தோடு கூடிய விடுப்பு இரண்டு வாரம், வேலைநாள் கணக்கில் 12 நாள், என்று விதிக்கப்பட்டது. 1951இல் அது மூன்று வாரமாயிற்று, 1963இல் நான்காயிற்று, 1978இல் ஐந்தாயிற்று. அவற்றுள் நான்கு வாரத்தை ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் தொடர்ச்சியாக எடுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. நார்வேயிலும் டென்மார்க்கிலும் இதே போன்று மூன்று வாரத் தொடர் விடுப்பு உறுதி செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே ஜூலை வந்தால் ஆலைகள் பல மொத்தமாகவே மூடப்படும். இதற்கு ‘ஆலை விடுமுறை’ என்று தனிச்சொல்லே ஸ்வீடிய மொழியில் உண்டு. மண்ணூர் வட்டாரத்தில் இதற்கு நெருங்கி வரும் சொல் ‘ஷட்டவுன்’. ஆனால் அது எந்திரத்துக்குக் கிடைக்கும் ஓய்வு, பராமரிப்புப் பிரிவினருக்கு ஆண்டின் மிகக் கடுமையான வாரம். நெடுங்காலம் இந்திய ஆலைகளை ஆண்ட 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, ஓராண்டில் 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் என்று மறு ஆண்டில் ஈட்டிய விடுப்பு கிடைத்தது. 240 நாளுக்கு அது 12 நாள். ஸ்வீடன் 1938இல் நின்ற இடம் அதுவேதான். ஒரகடத்திலிருந்து போன ஒரு பொறியாளர் அங்கே பெறுவதாகச் சொல்லும் மகிழ்ச்சியில், சூரியனின் பங்கு எவ்வளவு, அந்த நான்கு வாரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் சூரியனுக்குச் சிறுபங்கே எஞ்சும்.

ஆன்சைட் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே அவ்வடக்கில் கால்வைத்த தமிழர்களின் வரலாறும், வேனிலைச் செய்வது வெயிலைவிடச் சட்டமே என்பதைக் காட்டுகிறது. யாழ்ப்பாணத்து அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நார்வே சென்று சேர்ந்தார். மீன்பிடித் தொழிலைக் கற்று, பின்னர் நார்வே நண்பர்களின் துணையோடு ஊரில் சீநோர் என்னும் மீன்வளத் திட்டம் தோன்றக் காரணமானார். அவர் தொடங்கிய தடத்தில் மக்கள் உயர்நிலைப் பள்ளிகள் எனப்படும் உறைவிடக் கல்விக்கூடங்களின் வழியாகவும், 1983க்குப் பிறகு போரின் துரத்தலினாலும் பலர் வந்தனர். அவர்களுள் கணிசமானோர்க்கு வேலை கிடைத்தது ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, பின்மார்க் மாவட்டக் கடற்கரையின் மீன் பதனிடும் ஆலைகளில். நள்ளிரவுச் சூரியனை வேடிக்கை பார்க்க உலகம் பணம் கட்டி வரும் ஊர்களில், அவர்கள் அச்சூரியனின் கீழே ரப்பர் காலணியோடு மீன் கீறி நின்றார்கள். அவர்களின் தொடக்க ஆண்டுகள் உண்மையான பாலைதான், மனைவியும் பெற்றோரும் கடலுக்கு அப்பால். குடும்பச் சேர்க்கைக்கான அனுமதி வந்த பிறகே வேனில் என்ற சொல்லுக்கு வேறு பொருள் அவர்களுக்குக் கிடைத்தது. அவர்களின் அடுத்த தலைமுறையிலிருந்து வந்த கம்ஷாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரும் 2021இல் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

டென்மார்க்கிற்கு வந்த ஈழத்தமிழர் பலரை அரசு யூட்லாந்து தீபகற்பத்தின் சிற்றூர்களில் பரவலாகக் குடியமர்த்தியது. அங்கே ஹேர்னிங் நகரில் விநாயகருக்கும் பிராண்டெ ஊரில் அபிராமிக்கும் கோயில்கள் எழுந்தன. ஊரில் திதியும் நட்சத்திரமும் பார்த்துக் குறிக்கப்படும் திருவிழா, அங்கே கோடை விடுமுறைக்குள் அடங்குமாறு குறிக்கப்படுகிறது. பனியில் தேர் உருளாது என்பது ஒரு காரணம். வடம் பிடிக்க ஆள் வேண்டும், ஆளுக்கு விடுப்பு வேண்டும் என்பது அதனினும் பெரிய காரணம். கோதுமை வயலை ஒட்டிய தார்ச்சாலையில் தேங்காய் உடையும் ஓசையை வேலிக்கு அப்பால் நின்று டேனியர் கேட்கிறார்கள்.

மண்ணூர் அடங்கிய தொண்டை மண்டலத்தின் வேனிலும் உண்மையில் பிரிவின் காலமாக மட்டும் இருந்ததில்லை. புலவர் வகுத்த பாலைக்கு அருகிலேயே ஊரார் வகுத்த வேறொரு வேனில் இருந்தது. அறுவடை ஓய்ந்து ஏரி வற்றிய பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் ஏற்றுவார்கள்: பகலில் பிரசங்கியார் கதை சொல்ல, இரவெல்லாம் கூத்து நடந்து, பதினெட்டாம் நாள் மண்ணால் வனைந்த ஆளுயரத்தைப் பன்மடங்கு மிஞ்சும் துரியோதனன் திடலில் மல்லாந்து கிடக்க, படுகளமும் தீமிதியும் நிகழும். விடிய விடியக் கண்விழிப்பதற்கு உகந்த ஓய்வைக் காலமல்ல, உழவுத் தொழிலின் இடைவெளியே கொடுத்தது. அவ்விடைவெளி இன்று இல்லை. காலை ஆறுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இரவு பத்துக்கும் ஷிப்ட் மாறும் ஊரில், கட்டியங்காரன் மேடையேறும் நேரத்தில் இளைஞர்கள் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். மறுநாள் காலை அவர்கள் இறங்கி வரும்போது, அரிதாரம் கலைத்த கர்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், திடலில் கிடக்கும் துரியோதனனின் தொடைமேல் ஈரமண் இன்னும் காயவில்லை.