இலக்கமும் காலமும்

பழம்பொருளொன்றைக் கண்டதும் "இஃது எந்த ஆண்டினது?" என்று வினவுதல் மனித இயல்பு. வினவியவுடன் விடை வேண்டுமென்று விழைதலும் இயல்பே. முன்னையது ஆராய்ச்சிக்குத் தாய். பின்னையது அதற்குப் பகை. கால ஆராய்ச்சியின் நெறியை மாணவர்க்கு விளக்கப் புகும் ஆசிரியர்கள் கல்வெட்டையும் ஏட்டுச்சுவடியையும் எடுத்துக்காட்டுவர். நான் ஈண்டு எடுத்துக்கொள்வது அவற்றினின்றும் மிகச் சேய்மையிலுள்ள ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்ட றிவோல்வர் என்னும் சுழல்துப்பாக்கியே அது. தமிழ்ப் பண்டிதனுக்கும் துப்பாக்கிக்கும் யாது உறவென்று நகைப்பார் நகைக்க. கொலைக் கருவியைப் புகழ்தல் என் நோக்கமன்று. அதன் காலத்தைத் துணிவதில் அத்துறையின் தேர்ந்த ஆராய்ச்சியாளர் கைக்கொள்ளும் நிதானம் நம்மவர்க்கும் வேண்டும் என்பதே என் கருத்து.

சாமுவேல் கோல்ற் என்பார் 1836ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சுழல்துப்பாக்கிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவர் பெயர் தாங்கிய தொழிற்சாலை பின்னர்க் கனெக்டிகட் மாநிலத்து ஹாட்போட் நகரில் ஓங்கி வளர்ந்தது. அங்கே செய்யப்பட்ட துப்பாக்கிகளில் ஒவ்வொன்றின் உடலிலும் ஒரு தொடர் இலக்கம் பொறிக்கப்பட்டது. அவ்விலக்கத்தைக் கண்டு, அச்சிட்ட அட்டவணையொன்றைப் புரட்டி, "இன்ன ஆண்டிற் பிறந்தது" என்று கூறிவிடலாமென்றே புதிதாய் இத்துறைக்கு வருவோர் எண்ணுவர். அவ்வளவு எளிதாயின் ஆராய்ச்சி என்பதொன்று வேண்டுவதில்லை.

முதலாவது தடையைக் காண்போம். கோல்ற் தொழிற்சாலையின் புகழ்பெற்ற ஒற்றையியக்கப் படைத்துப்பாக்கி 1873இல் தொடங்கி 1940 வரை ஒரே இலக்க வரிசையிற் செய்யப்பட்டது. கடைசி இலக்கம் 357,859. அதில் 20,000 என்னும் இலக்கம் 1875ஆம் ஆண்டிற்கு உரியதென்று அட்டவணை கூறும். ஆயின், அதே தொழிற்சாலை 1877இலும் 1878இலும் வெளியிட்ட இரட்டையியக்கத் துப்பாக்கி வகைகள் ஒவ்வொன்றும் மீண்டும் ஒன்றிலிருந்தே எண்ணத் தொடங்கின. ஆகவே 20,000 என்ற இலக்கம் தாங்கிய கோல்ற் துப்பாக்கிகள் பல உள. அவற்றுள் 1877இன் பின் தோன்றிய வகையைச் சேர்ந்த ஒன்றை 1875க்கு உரியதென்பது, பிள்ளை பிறக்குமுன் பெயர்சூட்டு விழா நடத்துவதை ஒக்கும். 1847இற் செய்யப்பட்ட வாக்கர் துப்பாக்கிகளில் இன்னும் ஒரு சிக்கல். அவை படைப்பிரிவுவாரியாக எண்ணப்பட்டமையால், ஒரே எண் வெவ்வேறு பிரிவெழுத்துக்களுடன் மீண்டும் மீண்டும் வரும்.

இதனை நம் மாணவர் எளிதில் உணர்வர். ஏட்டின் ஈற்றில் "விக்கிரம வருடம் எழுதி முடிந்தது" என்று காணப்படின், அறுபதாண்டுச் சுற்றில் எந்தச் சுற்று விக்கிரம என்று தெரியும் வரை அக்குறிப்பினாற் பயன் சிறிதே. சுற்றை அறிந்த பின்னரே வருடப்பெயர் பேசும். அவ்வாறே வகையை அறிந்த பின்னரே இலக்கம் பேசும்.

இரண்டாவது தடை, பொருளின் மேலேயே பொறித்திருக்கும் ஆண்டு. ஒற்றையியக்கக் கோல்ற் துப்பாக்கியின் உடற்சட்டத்தில் 1871, 1872 என்ற ஆண்டுகளும், சற்றுப் பிந்தியவற்றில் 1875 என்பதும் காணப்படும். இவை ஆக்கவுரிமை வழங்கப்பட்ட நாள்கள். ஸ்மித் அன்ட் வெசன் தொழிற்சாலையின் பழைய துப்பாக்கிகளில் 1855 ஏப்பிரில் 3 என்ற நாள் பொறிக்கப்பட்டிருக்கும். அது றோலின் வைற் என்பார் பெற்ற ஆக்கவுரிமையின் நாள். அத்தொழிற்சாலையின் முதற் சுழல்துப்பாக்கியோ 1857இலேயே வெளிவந்தது. "இதற்கு முன் அன்று" என்பதற்கு மட்டும் இவ்வாண்டுகள் சான்றாகும். "இந்த ஆண்டிலே" என்பதற்குச் சான்றாகா. ஒரு நூலிலே ஓர் அரசன் புகழப்பட்டமை கொண்டு அந்நூல் அவன் காலத்ததே என்று துணிவாரும், ஆக்கவுரிமை நாளைப் பிறந்தநாளாகக் கொள்வாரும் ஒரே குற்றத்தைச் செய்கின்றனர்.

மூன்றாவதே எல்லாவற்றினும் நுண்ணியது. தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளைத் தேடி, குறித்த இலக்கத்துக்குரிய பதிவை எழுதித் தரும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. குழலின் நீளம், குண்டின் அளவு, மேற்பூச்சு, யாருக்கு அனுப்பப்பட்டது, எந்நாளில் அனுப்பப்பட்டது என்பன அப்பதிவிற் காணப்படும். கணக்கரின் கையெழுத்தே கிடைத்துவிட்டதே, இனி ஐயம் ஏது என்று தோன்றலாம். ஆயின் அந்நாள் பொருள் வாயிலைக் கடந்த நாள். உலையிலிருந்து வந்த நாளன்று. செய்யப்பட்டவை பண்டசாலையில் நெடுநாட் கிடத்தலும், பிந்திய இலக்கம் முந்திச் செல்லுதலும் உண்டு. ஸ்மித் அன்ட் வெசன் தொழிற்சாலையின் நாற்பத்துநான்கு அளவு இரட்டையியக்கத் துப்பாக்கியின் முதல் வகை 1913 வரை விற்கப்பட்டது. அதன் உடற்சட்டங்கள் யாவும் 1899க்கு முன்னரே செய்து முடிக்கப்பட்டவை என்பது அத்துறையார் ஏற்ற முடிவு.

இவ்வேறுபாடு வீண் நுணுக்கம் என்று தள்ளத்தக்கதன்று. 1968ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், 1898இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட துப்பாக்கியைப் பழம்பொருள் என வகுத்து, ஏனைய துப்பாக்கிகளுக்குரிய கட்டுப்பாட்டிலிருந்து விலக்குகின்றது. ஒற்றையியக்கக் கோல்ற் வகையில் ஏறத்தாழ 182,000 என்னும் இலக்கத்தை அவ்வெல்லையாகக் கொள்வர். எல்லைக்கு இப்பாலா அப்பாலா என்பதில் ஒருவனுடைய பொருளின் விலை மட்டுமன்றி, அவன் சட்டத்தின் முன் நிற்கும் நிலையும் தங்கியிருக்கின்றது. செய்த நாளா, அனுப்பிய நாளா என்று கேளாது விடை கூறுபவன் பிறருக்குக் கேடு விளைத்தவனாவான்.

இனி, ஒப்புமை என்னும் மாயத்தைப் பற்றி ஒரு சொல். உடற்சட்டம், விசைக்காப்பு, பிடியின் பின்கட்டு ஆகிய உறுப்புக்களில் ஒரே இலக்கம் காணப்படின் அதனைப் போற்றுதல் சேகரிப்போர் வழக்கம். பெரும்பாலும் அது நேரிதே. ஆயின், அமெரிக்கப் படையினர் 1895 முதலாகப் பழைய குதிரைப்படைத் துப்பாக்கிகளின் ஏழரை அங்குலக் குழலை ஐந்தரை அங்குலமாகக் குறுக்கிப் புதுப்பித்தபோது, மிகப் பலவற்றின் உறுப்புக்கள் ஒன்றோடொன்று கலந்து போயின. அங்கே மாறுபட்ட இலக்கங்களே அத்துப்பாக்கி கடந்துவந்த வாழ்வின் சான்று. அவற்றைத் தேய்த்தழித்து ஒரே இலக்கத்தைப் பொறிப்பவன் "திருத்தினேன்" என்பான். அவன் செய்தது சாட்சியைக் கொன்றது. பொருந்தாத பாடத்தைத் தம் மனம்போலத் திருத்தி, மூலத்தை மறைத்துவிடும் பதிப்பாசிரியருக்கும் இவனுக்கும் வேற்றுமை காண்கிலேன்.

இலக்கம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பில்லி த கிட் என்னும் பெயர்பெற்ற கள்வனை 1881 யூலையில் பற் கரற் என்னும் காவலதிகாரி சுட்டுக் கொன்றார். அப்போது அவர் கையிலிருந்த கோல்ற் துப்பாக்கி 2021இல் ஏலத்திற் கூறப்பட்டு அறுபது இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதன் இலக்கம் 55093. அட்டவணைப்படி அது 1880க்கு உரியது. எனவே 1881 நிகழ்ச்சியில் அஃது இருந்திருத்தல் கூடும். கூடும் என்பதோடு இலக்கத்தின் பணி முடிந்தது. 1880க்குரிய துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் உளவே. இது கரற்றின் கையிலிருந்தது என்று காட்டுவன அவர் மனைவியாரின் சான்றும், கைமாறி வந்த வரலாறுமே. இலக்கம் முடியாததை விலக்கும். முடிந்ததை நிறுவுதற்கு மனிதர் சாட்சி வேண்டும்.

அச்சாட்சியும் ஏடும் அழிந்தால் என் செய்வது? 1864 பெப்ரவரியில் ஹாட்போட் தொழிற்சாலையில் மூண்ட தீ கட்டடத்தின் பெரும்பகுதியையும் ஏடுகள் பலவற்றையும் உண்டுவிட்டது. அதற்கு முற்பட்ட துப்பாக்கிகள் பலவற்றைக் குறித்து இன்று எவராலும் பதிவு காட்ட இயலாது. இரும்பு எஞ்சியது, தாள் எஞ்சவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பலானதை அறிந்த நமக்கு, இவ்விழப்பின் தன்மையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

ஹாட்போட் கணக்கர்கள் வரலாறு எழுத அமர்ந்தவர்களல்லர். பணம் வரவேண்டியிருந்தமையால் எழுதினர். அவ்வெழுத்தே இன்று வரலாற்றின் சான்று. அச்சகத்தின் கணக்கேடு ஒரு நூலின் பதிப்பாண்டைத் துணியும். பாடசாலையின் வரவிடாப்பு ஒரு புலவர் கற்ற காலத்தைத் துணியும். அவற்றைப் பழந்தாள் விலைக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர்ப் புலவர் காலத்தைக் குறித்து மேடைகளில் வாதிடுகின்றோம். ஆசிரியர்களை நான் வேண்டுவன இரண்டு. கையிலுள்ள பதிவேடுகளைக் கறையானுக்கும் கடைக்கும் விடாது காத்திடுக. மாணவன் ஓர் ஆண்டைக் கூறும்போது, அஃது இயற்றிய ஆண்டோ, படியெடுத்த ஆண்டோ, அச்சிட்ட ஆண்டோ, விற்ற ஆண்டோ என்று தவறாது வினவுக. இவ்வொரு வினாவுக்கு விடை தேடப் பழகியவன் பிற்காலத்தில் எத்துறை புகினும் பொய்ச்சான்றுக்கு இரையாகான்.