பீட்ரூட்டால் இரத்தம் ஊறாது

போன கிழமை மட்டக்களப்பு ஆரையம்பதியில் ஒரு கலியாண வீடு. ஒரு சின்னப் பிள்ளையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்த பெரியம்மா ஒருவர் அந்த இடத்திலேயே தீர்ப்பும் எழுதிவிட்டார்: "இரத்தமே இல்ல புள்ள. நீ ஒழுங்காச் சமைச்சுக் குடுக்கிறல்ல போல. பீட்ரூட் அடிச்சுக் குடு." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். மாதக்கணக்காக இரும்புப் பாணி கொடுத்தும் ஏறவில்லை என்று தாய் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சோறு பரிமாறக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சிவப்பாய் இருப்பதெல்லாம் இரத்தமாகும் என்ற இந்த விஞ்ஞானத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்? நூறு கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வேண்டும். கிலோக் கணக்கில் அரைத்து ஊற்றத் தயாரா? அந்தச் சிவப்பு வெறும் சாயம். சிலருக்குச் சிறுநீரிலேயே வெளியேறிவிடும். அதுவும் இரும்பு குறைந்தவர்களிடம் கூடுதலாக!

வாயில் போட்டதெல்லாம் உடம்பில் சேரும், சேராவிட்டால் பிழை சமையலில்தான் என்று நம்புகிறவர்களுக்கு ஒரே ஓர் ஆளைக் காட்டுகிறேன். பெயர் பரி மார்ஷல், அவுஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து வைத்தியர். இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமிதான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று அவரும் ரொபின் வொரனும் சொன்னபோது பெரிய பெரிய நிபுணர்களே சிரித்தார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துக் குடித்தார். சில நாளில் வாந்தி. வாந்தியில் அமிலமே இல்லை. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பை அழன்று கிடந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

மார்ஷல் பட்டினி கிடந்தாரா? கொச்சிக்காய்ச் சம்பல் தின்றாரா? அவருடைய மனைவி சமைக்கத் தெரியாதவரா? ஒன்றுமில்லை. குடித்தது கிருமி, வந்தது நோய்.

இப்போது அந்த அமிலத்துக்கு வருவோம். சாப்பாட்டிலுள்ள இரும்பு கரைந்து சிறுகுடலில் உறிஞ்சப்பட இரைப்பை அமிலம் வேண்டும். நாட்பட்ட கிருமி அமிலத்தைக் குறைக்கலாம். அழற்சி இரும்பின் வழியை அடைக்கலாம். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் கடலுக்குப் போகாது. அப்போது மழையையா திட்டுகிறோம்? பிள்ளை வெளிறினால் மட்டும் தாயைத் திட்டுகிறோம். மார்ஷலுக்கு ஒரு நீதி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் தாய்க்கு வேறு நீதியா?

பீட்ரூட்டுக்குக் கொடி பிடிக்கும் அதே வீட்டில் சோறு தின்ற கையோடு பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள். தேயிலையின் தனின் இரும்பைக் கட்டிப்போடும் என்பதை எந்தப் பெரியம்மாவும் சொல்வதில்லை. வயிறு எரிகிறது என்றால் பார்மசியில் 'கெஸ்ட்ரிக்' குளிசை வாங்கி வருடக்கணக்காக விழுங்குகிறோம். அது மிச்சமிருக்கும் அமிலத்தையும் அடக்கிவிடும். தன் வாயில் மென்று பிள்ளைக்கு ஊட்டுவதைப் பாசம் என்கிறோம். குடும்பத்துக்குள் வாய்வழியாகவும் மலவழியாகவும் சின்ன வயதிலேயே தொற்றுவதுதான் இந்தக் கிருமியின் வழக்கம். மணல் நிலத்தில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலக்குழி வெட்டுகிறோம். இத்தனைக்கும் பிறகு டின்னில் அடைத்த சத்துமாவுக்குக் காசைக் கொட்டுகிறோம். அந்த டின்னைக் குடித்திருந்தால் மார்ஷலுக்கு நோபல் கிடைத்திருக்குமா?

வெளிறிய பிள்ளைக்கெல்லாம் இந்தக் கிருமி என்று நான் சொல்லவில்லை. புழு இருக்கலாம், தலசீமியா இருக்கலாம், சாப்பாட்டில் உண்மையாகவே இரும்பு குறையலாம். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள், மலம் சோதிக்கச் சொல்லுங்கள். எல்லாம் பார்த்த பிறகும் இரும்பு மருந்துக்கு மசியாத சோகை என்றால், இந்தக் கிருமியைத் தேடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று ஐரோப்பிய, வட அமெரிக்கச் சிறுவர் இரைப்பை-குடல் நிபுணர் சங்கங்களே 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்லிவிட்டன. அதை வைத்தியரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

கிருமி இருக்கிறதென்றால் வைத்தியர் எழுதித்தரும் மருந்தை முழுதாகக் கொடுங்கள். பெரும்பாலும் இரண்டு நுண்ணுயிர்க் கொல்லிகளும் அமிலத்தை அடக்கும் குளிசையும், 14 நாள். பக்கத்து வீட்டில் மிஞ்சியதை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை சிரித்ததும் ஐந்தாம் நாளில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு மார்ஷலே பெர்த்திலிருந்து மட்டக்களப்புக்கு வந்து இறங்கினாலும் ஒன்றும் நடக்காது.