சீலிங் இல்லாத மண்டபம்

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் பெண்பிள்ளை பிறந்துவிட்டால், அன்றைக்கே வாப்பாவின் தலையில் இன்னொரு வீடும் ஏறிவிடுகிறது. கிழக்கிலங்கையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இது சரியா பிழையா என்று நம் கல்லூரி விவாத மேடையில் பலமுறை தொண்டை கிழியப் பேசிவிட்டோம். நான் எழுத வந்தது அதையல்ல. சுவர் எழும்பி, கூரை போட்டு, கதவு பூட்டிய பிறகு, "வீட்ட வடிவாக்கணும்" என்று தொடங்குகிறோமே, அந்த இரண்டாவது செலவைப் பற்றி.

ராத்தாவின் கல்யாணம் பேசி முடிந்தபோது எங்கள் வீடு அரைகுறையாக இருக்கவில்லை. வாப்பா பன்னிரண்டு வருடம் கட்டாரில் வாகனம் ஓட்டிக் கட்டிய வீடு. 2022ஆம் ஆண்டு, ஆயிரம் ரூபா அளவில் விற்ற சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டபோது வேலை நின்றது. பிறகு ஊர்ந்து ஊர்ந்து முடிந்தது. பூச்சு முடிந்த சுவர், சிவப்புச் சீமெந்துத் தரை, ஓட்டுக்கூரை, நல்ல யன்னல்கள். குடியிருக்க இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சீலிங் அடிக்கவில்லையா? டைல்ஸ் பதிக்கவில்லையா? குசினிக்குப் பென்ட்ரி கபட் இல்லையா? சோபா செட் எப்போது வருகிறது? உம்மா எல்லாவற்றுக்கும் விலை கேட்டு ஒரு கொப்பியில் எழுதினார். மண்டபத்துக்குச் சீலிங் அடிக்க மட்டும் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம். முழுக்கணக்கும் ஆறு இலட்சத்தைத் தாண்டியது. வாப்பாவின் வேலை ஒப்பந்தம் அந்த ஆண்டு முடிவதாக இருந்தது. இனிப் போவதில்லை, ஊரோடு இருந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தொலைபேசியில் கணக்கைக் கேட்டுவிட்டு, "ரெண்டு வருஷந்தானே, புதுப்பிச்சிருவம்" என்றார்.

இரண்டு வருடந்தானே! ஒரு சீலிங்குக்கும் ஒரு சோபாவுக்கும் ஒரு மனிதனின் ஆயுளில் இரண்டு வருடம். அந்தக் கொப்பியை நான் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதில் எழுதியிருந்த எதுவும் மழையைத் தடுக்காது, பசியைத் தீர்க்காது, ராத்தாவுக்கும் மச்சானுக்கும் இடையில் ஒரு வார்த்தை அன்பைக் கூட்டாது. எல்லாம் பார்க்க வருகிறவர்களுக்காக. அவர்கள் பார்த்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு வீடு இருக்கிறது. பெயர் வேண்டாம். நுண்கடன் எடுத்துத் திரைச்சீலையும் சோபாவும் வாங்கினார்கள். பணம் சேகரிக்க வருகிற நாளில் அந்த உம்மா பின்வளவால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பிள்ளைகள் அந்தச் சோபாவில் இருக்கக் கூடாது. கடையில் சுற்றிய பொலித்தீன் இன்னும் கழற்றப்படவில்லை. நான் அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. அவரை அந்த நிலைக்குத் தள்ளியது நம் எல்லோருடைய கண்களும்தான். நானும் போய் அந்த மண்டபத்தைப் பார்த்து "வடிவா இரிக்கி" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான்.

நான் உயர்தரத்தில் மனைப்பொருளியல் படிக்கிறேன். நிறம், கோடு, இழையமைப்பு, சமநிலை, இசைவு என்று பாடமாக்கிப் பரீட்சையில் புள்ளி வாங்கியதோடு அது முடிந்துவிடக் கூடாது என்று தோன்றியது. உம்மாவிடம் இருபதாயிரம் ரூபாவும் பாடசாலை விடுமுறையும் கேட்டேன். உம்மா சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. "ஒனக்கு இது பரிசோதன. எனக்கு இது வாழ்க்க. நாளைக்கி மாமி சொல்லிக்காட்டினா நீ வந்து கேப்பியா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் முழுப்பதில் இல்லை. வீட்டைச் சிக்கனமாக அலங்கரியுங்கள் என்று எழுதுகிறவர்கள் அந்த வீட்டில் தலைகுனிந்து நிற்க வேண்டியவளைப் பற்றி எழுதுவதில்லை. ஆகவே ராத்தாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்: அவளுக்குப் பிடிக்காத எதுவும் சுவரில் ஏறாது.

தொடக்கம் படுதோல்வி. யூடியூபில் பார்த்து முட்டை மட்டைகளுக்கு நிறம் தீட்டிச் சுவரில் ஒட்டினேன். ஒரே கிழமையில் கரப்பொத்தான் குடியேறியது. வெற்றுப் போத்தல்களுக்குச் சணல் சுற்றி, தண்ணீர் ஊற்றி, மணிபிளான்ட் வைத்தேன். பன்னிரண்டு போத்தல். ஒரு நாள் டெங்குப் பரிசோதனைக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மூன்றில் நுளம்புக் குடம்பி நெளிந்தது. அவர் தண்டப்பணம் எழுதாமல் விட்டது உம்மா கொடுத்த தேநீருக்காகவா, என் முகத்தைப் பார்த்தா என்று தெரியாது. கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற முடியாதவர்கள் மண்ணில்தான் செடி வைக்க வேண்டும் என்பதை அன்று படித்தேன். கழிவுப்பொருளில் கைவினை என்று நாம் கண்காட்சிக்குச் செய்கிற பலதும் கண்காட்சி மேசைக்குத்தான் பொருந்தும். குப்பைக்கு நிறம் பூசினால் அது நிறம் பூசிய குப்பை.

பிறகு ராத்தாதான் வழியைக் காட்டினாள். "மொதல்ல இரிக்கிறத எடு" என்றாள். மண்டபத்தில் ஐந்து நாட்காட்டிகள் தொங்கின. நான்கு கடைகள் இலவசமாகக் கொடுத்தவை, ஒன்று இரண்டு வருடம் பழையது. தூசி படிந்த பிளாஸ்ரிக் ரோசாக்கள், மூடி உடைந்த சீனி டின்னில் பேனைகள், யாரும் இருக்காத மூன்று கதிரைகள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஆணி ஓட்டைகளை அடைத்து, மண்டபத்தை ஒரு இரவு வெறுமையாக விட்டோம். காலையில் உம்மா வந்து நின்று, "மண்டபம் இவ்வளவு பெரிசா?" என்று கேட்டார். அதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது என்று முடிவெடுத்தபோது வீட்டில் பெரிய சண்டை. சுண்ணாம்பு ஏழைகளின் வீட்டுக்காம். ஆனால் கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: உப்பு ஈரம் ஏறும் சுவரில் விலை கூடிய பெயின்ட் அடித்தால், இரண்டாவது மாரியில் அடிச்சுவர் கொப்புளித்து உரியத் தொடங்கும். பெயின்ட் ஒரு தோல்போல ஈரத்தை உள்ளே அடைத்துவிடுகிறது. சுண்ணாம்பு அடைக்காது, சுவர் காய்ந்துகொள்ளும். உம்மும்மா சொன்னபடி சுண்ணாம்பை இரவு முழுக்க ஊறவைத்து, துணியால் வடித்து, ஒரு பிடி உப்பும் சொட்டு நீலமும் சேர்த்தோம். (கண்ணில் பட்டால் ஆபத்து, சாச்சாவின் மோட்டார் சைக்கிள் கண்ணாடியை நாங்கள் மாறி மாறிப் போட்டுக்கொண்டோம்.) முதல் பூச்சில் சுவர் சாம்பல் பூத்ததுபோல் இருந்தது, ராத்தா அழாத குறை. மூன்றாவது பூச்சு காய்ந்த பிறகு, யன்னலால் வந்த வெளிச்சம் மண்டபத்தின் கடைசி மூலைவரை போனது. பகலில் மின்குமிழ் போட வேண்டியதில்லை.

தரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்புச் சீமெந்துத் தரை. ஒரு டின் மன்சியன் பொலிஷும், பாதியாய் வெட்டிய தேங்காய் மட்டையும், இரண்டு நாள் முழங்கால் வலியும். இந்தத் தரையை மூடத்தான் நாங்கள் டைல்ஸ் தேடினோம்.

திரைச்சீலைக்குத்தான் அதிகம் செலவழித்தேன், 8,400 ரூபா. கடையில் மினுங்குகிற பொலியெஸ்ரர் சீலை இரண்டு அடுக்கில் அதைப்போல நான்கு மடங்கு. நாங்கள் மருதமுனைக்குப் போனோம். சாறனும் சாரியும் நெய்கிற ஊர்; சுனாமி கடற்கரைப் பக்கத்தை அழித்த பிறகும், மெசின் துணி வந்து சந்தையை நிரப்பிய பிறகும், தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது. நெசவில் சிறு பிழை விழுந்த துணிகளை ஒரு வீட்டில் குறைந்த விலைக்குத் தந்தார்கள். பிழை எங்கே என்று நெய்தவர் விரலால் காட்டித்தான் எனக்குத் தெரிந்தது. கொழும்பில் பெயார்புட் என்ற கடையை 1960களில் தொடங்கிய பாபரா சன்சோனி, பெண்கள் நெய்த கைத்தறித் துணியின் நிறங்களாலேயே உலகம் முழுக்க அறியப்பட்டவர். வெளிநாட்டார் விமானத்தில் வந்து வாங்குகிற பொருளின் உடன்பிறப்பு நமக்கு பஸ் பிடித்தால் போய்ச்சேரும் தூரத்தில் இருக்கிறது. ஒரு பிழை விட்டேன்: பருத்தித் துணியை நனைத்துக் காயவிட்டு வெட்ட வேண்டும். முதலாவது திரையை நனைக்காமல் தைத்தேன். அது கழுவியதும் சுருங்கி, இப்போதும் யன்னல் கட்டுக்கு மூன்று விரற்கடை மேலே நிற்கிறது. ராத்தா அதை மாற்ற விடவில்லை. என்னைக் கேலி செய்ய அவளுக்கு அது வேண்டுமாம்.

எனக்குப் பெருமையான வேலை அலுமாரிக் கதவு. மாரி வெள்ளத்தில் ஊறி அதன் பிளைவூட் பலகை ஊதிப் பிரிந்திருந்தது. எறிய வேண்டும் என்றார்கள். அந்த நாட்களில்தான் ஆசிரியை வகுப்பில் மினெட் டி சில்வா பற்றிச் சொன்னார். 1918இல் கண்டியில் பிறந்தவர், இலங்கையின் முதல் பெண் கட்டடக்கலைஞர். 1950களின் தொடக்கத்தில் கண்டியில் அவர் கட்டி முடித்த கருணாரத்ன வீட்டில், தும்பறைக் கிராமத்தவர் நெய்த பாய்களைக் கதவுகளிலே பதித்திருந்தார். தரையில் விரிப்பதைக் கதவில் வைக்க ஒரு பெண்ணுக்கு அன்று துணிவிருந்திருக்கிறது! நம்மிடம் பன்பாய் இருக்கிறது. அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பெண்கள் பன் பிடுங்கி, காயவைத்து, சாயம் போட்டு இழைத்த பாய்கள். உம்மும்மாவின் காலத்தில் சிவப்புக்குப் பதங்கி மரத்துண்டை அவிப்பார்களாம். இரண்டு பாய் 2,800 ரூபாவுக்கு வாங்கினேன். வெட்டிய விளிம்பு பிரியாமல் துணிப்பட்டி வைத்துத் தைத்து, ஊதிய பலகையைக் கழற்றிய சட்டத்துக்குள் வைத்து, சாச்சா றீப்பை அடித்துத் தந்தார். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், இடைக்கிடை கதவைத் திறந்து வெயில் காட்ட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன்.

சீலிங் மட்டும் மிஞ்சியது. ஓட்டுக்கு அடியில் மரங்கள் தெரிகின்றன என்பதுதான் குறை. ஆனால் அவை வாப்பா இரண்டு வருடம் காசு சேர்த்து வாங்கிய நல்ல மரங்கள். அவற்றை மறைக்கவா இன்னும் இரண்டு வருடம்? சிலந்தி வலை அடித்து, வார்னிஷ் பூசினோம். மலிவான சீலிங்குக்கு மேலே எலி ஓடுகிற சத்தத்தைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். எங்கள் கூரையில் ஒளிய இடமில்லை. மொத்தச் செலவு 19,800. மிச்சம் இருநூறு ரூபாவை உம்மாவிடம் கணக்கோடு கொடுத்தேன்.

இதைப் படிக்கும் பெற்றோரில் சிலர், "கையில இரிக்கிறவன் செலவழிச்சா ஒனக்கென்ன?" என்று கேட்கலாம். இருக்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் அவர்கள் செய்வதை இல்லாதவர்களுக்கு அளவுகோலாக நாம் ஆக்கிவிடுகிறோம். வீண்விரயம் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, அன்று பின்னேரமே ஒரு கல்யாண வீட்டின் சீலிங்கை அண்ணாந்து பார்க்கிறோம். தோழியரே, நமக்கும் இதில் பங்குண்டு. வாப்பாவிடமும் காக்காவிடமும் கேட்கிற ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை நாள் வேலை என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிட்டுக் கேட்கலாமே.

கல்யாணத்துக்கு வந்தவர்களில் எல்லோரும் மெச்சவில்லை. ஒரு மாமி ஓட்டைப் பார்த்து, "இனித்தான் சீலிங் அடிக்கிறதாக்கும்" என்றார். ராத்தாவின் முகம் ஒரு கணம் மாறியது, நான் பார்த்தேன். "இல்ல மாமி, இது இப்பிடித்தான்" என்று அவளே பதில் சொன்னாள். மச்சானின் உம்மா அலுமாரிக் கதவைத் தடவிப் பார்த்து, பாய் எங்கே வாங்கியது என்று கேட்டுப்போனார்.

வாப்பா கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவில் வந்து போனார். ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, புதுப்பிக்கவில்லை. அவருடைய வாப்பா விட்டுப்போன சாய்மனைக் கதிரை ஒன்று பிரம்பு அறுந்து பின்வளவில் கிடந்தது. பின்னுகிறவரிடம் கொடுத்திருக்கிறோம். நாலாயிரம் கேட்கிறார். அந்தப் பணம் என் இருபதாயிரத்தில் இல்லை, ராத்தா தருகிறாள். மண்டபத்தில் யன்னலோரம், சுருங்கிப்போன அந்தத் திரைக்குப் பக்கத்தில், அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.