சண்டையே இல்லாத சண்டை

ஸ்டெபனி மேயரின் ‘ட்வைலைட்’ வரிசையில் நான்காவது நாவல் ‘பிரேக்கிங் டான்’. 2008 ஆகஸ்ட் 2 அன்று வெளியாகி, அமெரிக்காவில் முதல் நாளிலேயே 13 லட்சம் பிரதிகள் விற்றது. 750 பக்கங்களைத் தாண்டிய அந்தத் தடிமனான புத்தகத்தை முடித்த ரசிகர்கள் பலர் கொதித்துப்போனார்கள்.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. புதிதாக ரத்தக்காட்டேரி ஆனவர்களின் வெறி லேசில் அடங்காது என்று முந்தைய நாவல்கள் பயமுறுத்திக்கொண்டே இருந்தன. மூன்றாம் பாகத்தின் சண்டையே அதை வைத்துத்தான். நாயகி பெல்லா ரத்தக்காட்டேரியாக மாறியதும் அந்த விதி காற்றில் பறக்கிறது. முதல் வேட்டையில் மனித வாடை மூக்கில் ஏறியும், மூச்சை அடக்கிக்கொண்டு விலகி ஓடிவிடுகிறாள். அவளுக்கே கஷ்டம் இல்லையென்றால் வாசகர் எதற்குப் பதற வேண்டும்?

ஓநாயாக உருமாறும் ஜேக்கப்பின் கதை இன்னும் மோசம். பெல்லாவுக்காக உருகியவன், அவள் பெற்ற பச்சைக் குழந்தையைப் பார்த்த நொடியில் அதனிடம் ஆயுளுக்கும் கட்டுண்டு போகிறான். முக்கோணக் காதலை முடிக்க (அடக் கடவுளே!) வேறு வழியே கிடைக்கவில்லையா?

கடைசியில் அந்தக் குழந்தையை அழிக்க, ரத்தக்காட்டேரிகளை ஆளும் வோல்டூரி கூட்டம் பனிவெளியில் அணிவகுத்து வந்து, பேசிவிட்டுக் கலைகிறது. 2012-ல் வந்த படத்தில் இது போதாது என்று நினைத்தார்களோ என்னவோ, வருவதை முன்கூட்டியே காணும் ரத்தக்காட்டேரி ஆலிஸ் காட்டும் எதிர்காலமாக ஒரு முழுப் போரையே சேர்த்தார்கள். அதில் நாயகனின் வளர்ப்புத் தந்தை கார்லைலின் தலையே போகிறது.