நல்ல துப்பாக்கி, யார் கையில்?

இரண்டாம் உலகப் போரின் மிகச் சிறந்த சப்மெஷின் கன்களில் ஒன்று என்று இத்தாலியின் பெரெட்டா 38-ஐ ஆயுத வரலாறு எழுதுவோர் பாராட்டுவதுண்டு. பாராட்டில் பொய்யில்லை. பிரெஷியாவுக்கு அருகே, தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்துவரும் கார்தோனே வால் த்ரோம்பியாவில் துல்லியோ மாரெங்கோனி அதை வடிவமைத்தார். முன்விசையை இழுத்தால் ஒரு தோட்டா. பின்விசையை இழுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 600 என்ற வேகத்தில் தொடர் சூடு. எடை 4 கிலோவுக்கு மேல். அந்தக் கனமே சுடும்போது குழலைத் துள்ளவிடாமல் பிடித்துக்கொண்டது. ஆனால் இந்த வேலைப்பாட்டை மட்டும் வியந்துகொண்டிருந்தால், அது யார் கைக்குப் போனது என்ற முக்கியமான கேள்வி விடுபட்டுப்போகும்.

முதலில் வாங்கியது ராணுவம் அல்ல, இத்தாலிய ஆப்பிரிக்கக் காவல்துறை. எத்தியோப்பியாவைப் பிடித்த 1936-ஆம் ஆண்டிலேயே, காலனிகளைக் கட்டுக்குள் வைக்க முசோலினி அரசு உருவாக்கிய படை அது. பிறகு கராபினியேரி என்ற ராணுவக் காவல் படை, பாராசூட் வீரர்கள் என்று ஒருசில பிரிவுகளுக்கே துப்பாக்கி கிடைத்தது. அல்பேனிய மலைப் பனியில் கிரேக்கர்களை எதிர்த்து நின்ற சாதாரணக் காலாட்படை வீரன் பெரும்பாலும் 1891-ல் உருவான கார்கானோ ரைஃபிளைத்தான் சுமந்தான். எந்த ஆயுதம் யாருக்கு முதலில் தரப்படுகிறது என்பதில் ஓர் அரசின் அச்சம் தெரியும். முசோலினியின் அரசு, எதிரிப் படையைவிடத் தான் அடக்கி ஆண்ட மக்களை எதிர்கொள்ளவே இந்தத் துப்பாக்கியை அவசரமாகத் தேடியது என்றே நான் வாசிக்கிறேன்.

அன்று எல்லா ராணுவங்களும் இவ்வகை ஆயுதத்தை அலட்சியம் செய்தனவே என்று கேட்கலாம். மற்றவர்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தலாம், இத்தாலிக்குப் பொருந்தாது. கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ந்து சுடும் வில்லார் பெரோசாவை 1915-லேயே களமிறக்கிய நாடு அது. அதன் அமைப்பை வைத்து 1918-ல் தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கி செய்தவரும் இதே மாரெங்கோனிதான். தொழில்வளம் குறைந்த நாடு, இவ்வளவு நுணுக்கமான பொருளை எப்படிப் பெருமளவில் செய்யும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதில் பாதி உண்மை இருக்கிறது. எஃகைக் கடைந்து செதுக்க நேரமும் பணமும் வேண்டும். பிரிட்டன் மலிவான ஸ்டென் சப்மெஷின் கன்னை 40 லட்சத்துக்கு மேல் செய்து குவித்தது. ஆனால் அதே பெரெட்டா ஆலை துளையிட்ட குழலுறையை நீக்கி, குழலைக் குறுக்கி, அழுத்திய தகட்டில் உடற்பகுதியைச் செய்து 38/42-ஐக் கொண்டுவந்தது. எளிமையாக்கும் திறமை பட்டறையில் இருந்தது. அதை முன்பே கேட்கும் அக்கறைதான் ரோமில் இல்லை.

அந்த அக்கறையின்மைக்கு விலை கொடுத்தவர்கள் கார்கானோவோடு நின்றவர்கள். துப்பாக்கியோ பிறகு வேறு கைகளுக்கும் போனது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் வடக்கு இத்தாலி ஜெர்மானியர் வசமாயிற்று. கார்தோனே ஆலையும் அவர்களுக்காக ஓடியது. அங்கே ஜெர்மானியர் ஆதரவில் முசோலினி நடத்திய குடியரசின் படையினர் பெரெட்டாவைத் தூக்கினர்; அவர்களிடமிருந்து பறித்த பெரெட்டாக்களைக் கொண்டே மலைகளிலிருந்த பார்ட்டிசான் எதிர்ப்புப் போராளிகள் அவர்களைத் திருப்பிச் சுட்டனர்.